மேசை மேல் காளையார்கோவில் காடு!

செருப்பை முகப்பிலேயே கழற்றிவிட்டு என் பின்னாலேயே வாருங்கள். ஆத்தங்குடித் தரை காலுக்குச் சில்லென்று இருக்கும், பர்மாத் தேக்குத் தூண்கள் கண்ணை இழுக்கும். அங்கெல்லாம் நின்றுவிடாதீர்கள். வளவைத் தாண்டி இரண்டாம் கட்டுக்குப் போகவேண்டும். ஒருகாலத்தில் கல்யாணப் பந்தி நடந்த அந்தக் கூடத்தில் இப்போது ஒரு போர் தயாராகிக்கொண்டிருக்கிறது!

காரைக்குடியில் ஒரு நண்பர் வட்டம். பேரும் கிடையாது, போர்டும் கிடையாது. ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர், வங்கியில் வேலை பார்க்கும் ஒரு அண்ணன், கல்லூரியில் படிக்கும் ஒரு பெண், தச்சு வேலை தெரிந்த ஒருவர், ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன். கட்டைவிரல் கணு உயரத்துக்குச் சிப்பாய்களைச் செய்கிறார்கள். மேசை மேல் காடு வளர்க்கிறார்கள். 1801-ல் மருது சகோதரர்களின் சிவகங்கைச் சீமை கிழக்கிந்தியக் கம்பெனியோடு மோதிய போரைத் தாயக்கட்டை உருட்டி ஆடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் பார்க்கச் சொந்தபந்தம், அக்கம்பக்கம் எல்லாரும் வரலாம். முந்தின நாள் நடக்கும் அமளிக்கு மட்டும் வெளியாளை உள்ளே விடமாட்டார்கள். இந்த முறை என்னை விட்டுவிட்டார்கள்! கிடைத்த பண்டத்தை உங்களோடு பங்கு போடத்தான் கூட்டி வந்திருக்கிறேன்.

உள்ளே நுழைந்ததும் முகத்தில் அடிப்பது வெக்கை. தலைக்கு மேலே மின்விசிறி இருக்கிறது. ஆனால் சுவிட்சின் மேல் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறது: “தொட்டால் அபராதம், ஒரு கிலோ சீப்புச் சீடை.” காரணம் தரையில் கிடக்கிறது. பச்சைச் சாயம் ஏற்றிய மரத்தூள் முறம் முறமாகக் காய்கிறது. விசிறி ஒரு சுற்றுச் சுற்றினால் காடு மொத்தமும் எழுந்து வீட்டு ஆச்சியின் அடுப்படிக்குப் போய்விடும். ஒருமுறை போயும் இருக்கிறதாம். அன்றைக்குப் பருப்பு பச்சை நிறத்தில் வெந்தது என்று இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள். எல்லார் சட்டையும் முதுகோடு ஒட்டிக் கிடக்கிறது. ஆசிரியர் துண்டை நனைத்துத் தலையில் போட்டுக்கொண்டு பேசுகிறார்.

காலைப் பார்த்து வையுங்கள்! எட்டுக்கு நாலு பிளைவுட் பலகை நான்கு முக்காலிகள் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதைச் சுற்றி எம்-சீல் அட்டைகள், கட்டுக்கம்பிச் சுருள், ஃபெவிகால் டப்பா, தேங்காய் நார், பாதி குடித்த காப்பித் தம்ளர்கள். ஒரு தம்ளரில் காப்பி, பக்கத்துத் தம்ளரில் பிரஷ் கழுவிய தண்ணீர். “எது எதுன்னு மோந்து பாத்துட்டுக் குடிங்க” என்று வங்கி அண்ணன் எச்சரிக்கிறார். எச்சரிப்பவரின் மீசையில் ஏற்கெனவே லேசாக நீலம்.

சன்னலோரம் கல்லூரிப் பெண்ணின் ராஜ்ஜியம். கட்டுக்கம்பியை முறுக்கி எலும்புக்கூடு, அதன் மேல் எம்-சீல் சதை, காய்ந்ததும் வண்ணம். பூதக்கண்ணாடிக்குள் குனிந்தபடி கம்பெனிச் சிப்பாய்களுக்குச் சிவப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறாள். பத்து விரலும் சிவப்பு. “நேத்துப் பஸ்ல கண்டக்டர் அண்ணே, மருதாணி நல்லாப் பிடிச்சிருக்கேம்மான்னு கேட்டாரு. கம்பெனிப் படைன்னு சொன்னா இறக்கி விட்டுருவாருன்னு பேசாம இருந்துட்டேன்!”

அவள் மேசையில் நான் திகைத்து நின்ற இடம் ஒன்று உண்டு. சிவப்புக் கோட்டுக்கு மேலே முகங்களுக்கு அவள் பூசுவது மாநிறம், கருமை. வெள்ளை முகங்கள் கொஞ்சம்தான். “கம்பெனிக்காகச் சண்டை போட்டவங்கள்ல பெரும்பாலும் நம்ம நாட்டுச் சிப்பாய்ங்கதான். கூடப் புதுக்கோட்டைத் தொண்டைமான் ஆளுங்க, எட்டயபுரத்து ஆளுங்க வேற. எல்லாத்துக்கும் ரோஸ் பெயின்ட் அடிச்சா அது பொய்யாயிடும்” என்கிறாள். ஞாயிற்றுக்கிழமை குழந்தைகள் கேட்கும் முதல் கேள்வியும் இதுதானாம்: “இவுக ஏன் நம்ம மாதிரியே இருக்காக?” ஒரு சொட்டுப் பழுப்பு வண்ணத்தில் எவ்வளவு பெரிய பாடம்!

மருது படைக்கு மீசை வைக்கும் வேலை தனி. பிரஷ் செல்லாது, தையல் ஊசி முனைதான். மூச்சை அடக்கி ஒரு மீசை, மூச்சு விட்டு அடுத்த மீசை. நடுவில் யாரும் தும்மக்கூடாது. நான் நின்ற நேரத்தில் ஒரு தும்மல் விழுந்தது. ஒரு வீரனுக்கு மீசை காது வரைக்கும் ஓடிவிட்டது. “விடு, இவன்தான் தளபதி” என்று உடனே பதவி உயர்வு கொடுத்துவிட்டார்கள்.

அடுத்த பக்கம் பையனின் ஆயுதசாலை. இந்தச் சீமையின் தனி ஆயுதம் வளரி. பிறை வடிவம், ஒரு முனை கனமாக இருக்கும். மரத்திலும் இரும்பிலும் செய்வார்கள், சுழற்றி எறிவார்கள். அரிசியைவிடச் சின்ன வளரியை எதில் செய்வது? நகத்தை வெட்டி ஒட்டலாம் என்று பையன் முதலில் யோசனை சொல்ல, கூடமே “சீ!” என்று கத்தியிருக்கிறது. இப்போது தாத்தாவின் ரத்தக்கொதிப்பு மாத்திரை அட்டையிலுள்ள அலுமினியத் தாளை வெட்டுகிறான். “தாத்தா ஒழுங்கா மாத்திரை போட்டாத்தான் எங்களுக்கு ஆயுதம்” என்கிறான். வீட்டில் இப்போது மாத்திரை நேரம் தவறுவதே இல்லையாம்.

கை வெட்டிக்கொண்டிருக்க, வாய் போரின் முன்கதையை மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறது. 1772 ஜூன் 25-ல் காளையார்கோவிலில் மன்னர் முத்து வடுகநாதர் கொல்லப்பட்டது, ராணி வேலு நாச்சியார் விருப்பாச்சியில் இருந்தபடி ஹைதர் அலியின் உதவி தேடியது, 1780-ல் மருது சகோதரர்களோடு சீமையை மீட்டது. 1799 அக்டோபர் 16-ல் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டது. 1801 பிப்ரவரி 2-ல் அவர் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பியது, மே 24-ல் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை விழுந்ததும் மருதுகளிடம் அடைக்கலம் வந்தது. “அடைக்கலம் கொடுத்தாங்கல்ல, அங்க பிடிச்சது நெருப்பு!” என்று முடித்துவிட்டு அடுத்த வளரிக்குப் போகிறான்.

பலகையின் ஒரு மூலையில் தீப்பெட்டி அளவு சுவர் ஒன்று நிற்கிறது. அதில் ஒரு துளிக் காகிதம். குனிந்து பார்த்தால் எறும்பெழுத்தில் ஏதோ! 1801 ஜூனில் சின்ன மருது வெளியிட்ட ஜம்புத்தீவுப் பிரகடனம் அது. திருச்சிக் கோட்டையிலும் ஸ்ரீரங்கம் கோயில் மதிலிலும் ஒட்டப்பட்டது. எல்லாச் சாதியாரும் சேர்ந்து கம்பெனியை விரட்டவேண்டும் என்று அழைத்த அறிக்கை. போர்க்களத்துக்கு வெகு தூரத்தில் ஒட்டிய அறிவிப்புக்கும் மேசையில் இடம் கொடுத்திருக்கிறார்களே என்று எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

இதோ, காடு நடும் நேரம் வந்துவிட்டது! தச்சர் ஒரு சாக்கு நிறைய முள் குச்சிகளைக் கொண்டுவந்து கொட்டுகிறார். ஆசிரியர் ஒரு குச்சியை எடுத்து மூக்குக் கண்ணாடிக்கு அருகே வைத்துப் பார்க்கிறார். அடுத்த நொடி, “யாருய்யா இது, சீமைக் கருவேலத்தை ஒடிச்சுக்கிட்டு வந்தது? 1801-ல இந்த மரமே நம்ம மண்ணுல கிடையாது! எடு எல்லாத்தையும்!” சிவகங்கை மாவட்டத்தில் இன்று எங்கே திரும்பினாலும் நிற்கும் மரம் அன்றைக்கு இல்லை என்பது பாதிப் பேருக்கு அப்போதுதான் தெரிந்தது. நாட்டுக் கருவேலம், காரை, சூரை என்று பிரித்து எடுக்க இன்னொரு மணி நேரம். கையெல்லாம் முள். ஆச்சி மஞ்சளும் நல்லெண்ணெயும் கொண்டுவந்து வைத்துவிட்டு, “சண்டை நாளைக்குத்தானே? அதுக்குள்ள ரத்தம் பாத்துட்டீக” என்கிறார்.

அப்படியே கோபுரத்தையும் ஒரு பார்வை பார்க்கிறார். தெர்மகோலில் செதுக்கிய காளையார்கோவில் ராஜகோபுரம். மருதுகள் கட்டியது, 150 அடிக்கு மேல் உயரம். சிப்பாயின் அளவுக்குக் கணக்குப் போட்டால் மேசை மேல் இரண்டரை அடி நிற்கவேண்டும். இவர்கள் ஒன்றரை அடியோடு நிறுத்திவிட்டார்கள். ஆச்சிக்குக் கோபம் வந்துவிட்டது. “கோபுரத்தை இடிப்போம்னு சொன்னதுக்காகத்தான் அவுக வெளிய வந்தாக. உசுரக் கொடுத்துக் காத்த கோபுரத்தைக் குட்டையாக்குவீகளா?” சரணடையாவிட்டால் கோபுரத்தைத் தகர்ப்போம் என்று கம்பெனி மிரட்டியதாக இந்தச் சீமையே நம்புகிறது. தச்சர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. மறுபடி ரம்பத்தை எடுத்தார். ராத்திரி பத்து மணிக்குக் கோபுரம் இரண்டரை அடிக்கு வளர்ந்திருந்தது.

காப்பி இடைவேளை. யாரோ செல்போனில் கண்ணதாசன் தயாரித்த ‘சிவகங்கைச் சீமை’ படத்துப் பாட்டைப் போட, வங்கி அண்ணன் வேண்டுமென்றே ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ வசனத்தை ஆரம்பிக்கிறார். இரண்டு படமும் வந்தது 1959-ல். அந்தப் போட்டி இந்தக் கூடத்தில் இன்னும் ஓயவில்லை. கண்ணதாசனின் சிறுகூடல்பட்டி பக்கத்தில் இருக்கும்போது ஓட்டு எந்தப் பக்கம் விழும் என்று சொல்லவேண்டுமா?

சத்தத்துக்கு நடுவே ஆசிரியர் என்னை அலமாரிப் பக்கம் கூப்பிடுகிறார். பொம்மைப் போர் பெரியவர்களின் காரியமான கதையைச் சொல்கிறார். 1812-ல் பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் என்ற பிரபு அரசருக்கு ஒரு போர் மேசையே செய்து கொடுத்தார். அவர் மகன் 1824-ல் அதற்கு விதிகளை அச்சிட, ராணுவ அதிகாரிகள் அதை ஆடிப் படித்தார்கள். 1913-ல் எச். ஜி. வெல்ஸ் ‘லிட்டில் வார்ஸ்’ என்ற புத்தகம் எழுதி, பொம்மைப் பீரங்கியால் ஈயச் சிப்பாய்களைச் சுட்டு வீழ்த்தும் ஆட்டத்தை வீட்டுக் கூடத்துக்குக் கொண்டுவந்தார். இன்று வெளிநாடுகளில் 1879-ன் சூலு போரையும் சூடான் போரையும் ஆடுகிறவர்கள் ஏராளம். “அங்கெல்லாம் நடுவுல நிக்கிறது சிவப்புக் கோட்டு. எதிராளி ஓரத்துல இருந்து ஓடி வருவான். நம்ம மேசையில நடுவுல நிக்கிறது காளையார்கோவில். யார் ஓரத்துல இருந்து வர்றாங்கன்னு பாத்துக்கங்க” என்று சிரிக்கிறார்.

அலமாரியில் முனை மடங்கிய இரண்டு பிரதிகள். ஒன்று, பேராசிரியர் கே. ராஜய்யன் 1971-ல் எழுதிய தென்னிந்தியக் கிளர்ச்சி வரலாறு. இன்னொன்று, 1830-ல் வந்த ஜேம்ஸ் வெல்ஷின் ராணுவ நினைவுகள். இந்த வெல்ஷ் கம்பெனி அதிகாரி. ஈட்டியும் வளரியும் எறிய அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருது! பிறகு அதே மனிதரை எதிர்த்துப் படையோடு வந்தார். வந்தவர் தன் குருவின் பெருமையை மறைக்காமல் எழுதியும் வைத்தார். வெல்ஷுக்கும் இங்கே ஒரு பொம்மை உண்டு. மற்ற அதிகாரிகள் கையில் வாள், இவர் கையில் மட்டும் வளரி. கல்லூரிப் பெண்ணின் யோசனை இது.

சரி, கம்பெனியாக யார் ஆடுவது? இங்கேதான் ஆண்டுதோறும் சண்டை. எல்லாருக்கும் மருதுவாகத்தான் ஆசை. வெற்றிலைப் பெட்டிக்குள் சீட்டுப் போட்டுக் குலுக்குகிறார்கள். வங்கி அண்ணன் பிரிக்கிறார், முகம் தொங்குகிறது. கம்பெனிப் படைத் தலைவர் கர்னல் அக்னியூ! கூடம் அதிர்கிறது. அவர் மனைவி அடுப்படியிலிருந்தே குரல் கொடுக்கிறார்: “சீமை திரும்பக் கிடைக்கிற வரைக்கும் அவுகளுக்குப் பணியாரம் கிடையாது!”

ஒத்திகை ஆட்டம் தொடங்குகிறது. உட்காருங்கள், இதுதான் விருந்து.

1801 ஜூலை 30. கம்பெனிப் படை சின்ன மருதுவின் ஊரான சிறுவயலுக்கு வருகிறது. கல்லல் பக்கத்து அரண்மனை சிறுவயல்தான் அது. பகைவன் கையில் சிக்கக்கூடாதென்று மருது தரப்பே ஊருக்குத் தீ வைத்துவிட்டுக் காட்டுக்குள் போகிறது. பனையோலைக் கிழிசலால் கூரை வேய்ந்த அந்தக் குட்டி வீடுகளைப் பையன் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, கரித்துண்டு வைக்கிறான். ராத்திரியெல்லாம் கண் விழித்துச் செய்த வீடுகள். “அழகா இருந்துச்சு” என்று அவன் முணுமுணுக்க, தச்சர் தோளில் தட்டிக்கொடுக்கிறார்.

இப்போது அக்னியூவின் வேலை, சிறுவயலிலிருந்து காளையார்கோவில் வரை முள்காட்டை வெட்டிப் பாதை போடுவது. ஒரு உருட்டல் ஒரு நாள். தாயக்கட்டையில் விழும் எண்ணுக்கு அத்தனை விரல்கடை காட்டை எடுக்கலாம். தாயம் விழுந்தால் போச்சு, புதரிலிருந்து மருது படை பாயும். பன்னிரண்டு விழுந்தால் மறு உருட்டலும் உண்டு. இன்னொரு விதிதான் ஆளைக் கொல்கிறது: வெட்டிய பாதையைக் காக்க அங்கங்கே சிப்பாயை நிறுத்திக்கொண்டே போகவேண்டும். பாதை நீள நீள, முன்னால் நிற்கும் ஆள் குறைகிறது.

முதல் உருட்டல் பன்னிரண்டு! “பாத்தீங்களா, ஒரு வாரத்துல கோயில்ல இருப்பேன்” என்று அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டுகிறார். ஐந்தாம் நாள் தாயம். புதருக்குள்ளிருந்து மாத்திரை அட்டை வளரிகள் வந்து விழுகின்றன. எட்டாம் நாள் தாயம். பதினோராம் நாள் தாயம். பையன் துள்ளித் துள்ளிக் குதிக்கிறான். பதினைந்தாம் நாளில் அண்ணன் பேச்சை நிறுத்திவிட்டார். இருபதாம் நாளில் சட்டையைக் கழற்றிவிட்டார். வேர்வை சொட்டிப் பலகையில் ஒரு ஊருணியே உருவாகிவிட்டது. முப்பது உருட்டலும் முடிந்தபோது, கோயிலுக்கு இன்னும் நாலு விரல்கடைக் காடு பாக்கி. அண்ணன் எழுந்து நின்று கும்பிட்டார்: “நான் ஒக்கூருக்குக் கிளம்பறேன், ஆளை விடுங்க!”

நடந்ததும் அதேதான். ஒரு மாதம் வெட்டியும் காடு வழி விடவில்லை. செப்டம்பர் தொடக்கத்தில் அக்னியூ பாதை வேலையைக் கைவிட்டு ஒக்கூருக்குத் திரும்பினார். அந்த ஆகஸ்ட் மாதத்தை இந்தக் கூடத்தில் எல்லாரும் கையால் தொட்டுப் பார்த்துவிட்டார்கள். உலகத்தின் பெரிய கம்பெனி ஒன்றை நம் முள்காடும் அதை அறிந்த மனிதர்களும் ஒரு மாதம் தடுத்து நிறுத்தினார்கள்!

ஆனால் ஆட்டத்தில் ஒரு சீட்டு பாக்கி இருக்கிறது. அதை எடுக்க யாருக்கும் கை வராது. ‘சோழபுரம்’ என்று எழுதிய சீட்டு. செப்டம்பர் 12-ல் சோழபுரத்தில் படமாத்தூர் கௌரி வல்லப உடையத் தேவரைச் சிவகங்கைக்கு உரியவராகக் கம்பெனி முடிசூட்டியது. அரச குடும்பத்தின் பக்கம் மக்கள் சாய, மருதுகளின் கூட்டம் கரைந்தது. சீட்டை எடுத்ததும் ஒரு குண்டு வெடிக்காமல், ஒரு வாள் உருவாமல், மருது தரப்பு வீரர்களை ஒவ்வொருவராக மேசையிலிருந்து எடுக்கவேண்டும். “காட்டுல தோத்தவன் கல்யாண மண்டபத்துல ஜெயிச்ச மாதிரி” என்று தச்சர் சொன்னார். அக்டோபர் 1-ல் பல முனைகளிலிருந்து வந்த படை காளையார்கோவிலைப் பிடித்தது. ஆட்டம் அங்கே நிற்கிறது.

அதற்கு மேல் இவர்கள் ஆடுவதில்லை. அக்டோபர் 24-ல் திருப்பத்தூர்க் கோட்டையில் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். தூக்குமரம் செய்யமாட்டோம் என்பது முதல் நாளே எடுத்த முடிவு. பெரிய மருது, சின்ன மருது பொம்மைகளை மேசையில் சாய்க்கவும் கூடாது. ஆட்டம் முடிந்ததும் ஆச்சி வந்து அந்த இரண்டையும் தானே எடுத்துப் பஞ்சு வைத்த எவர்சில்வர் டப்பாவில் வைக்கிறார். மற்ற பொம்மைகளைக் குழந்தைகள் எடுத்து அடுக்கலாம், இவற்றை ஆச்சிதான். துரைசாமிக்கும் ஒரு பொம்மை உண்டு. சின்ன மருதுவின் அந்த இளைய மகனும் இன்னும் 72 பேரும் 1802 பிப்ரவரியில் கப்பலேற்றப்பட்டு பினாங்குக்கு நாடு கடத்தப்பட்டார்கள். 1818-ல் வெல்ஷ் அங்கே அவரைப் பார்த்து, நொந்துபோய் எழுதியிருக்கிறார். இந்த வீட்டுப் பெரியவர்களும் கப்பலேறிக் கடல் கடந்து போனவர்கள்தான். அவர்கள் வட்டித் தொழிலுக்குப் போனார்கள், பணத்தோடு திரும்பினார்கள். துரைசாமியின் பயணம் வேறு என்று ஆச்சி சொன்னபோது எல்லாரும் தலையாட்டினார்கள்.

நள்ளிரவு தாண்டிவிட்டது. மரத்தூள் காய்ந்து ஒட்டியாயிற்று, ஆகவே விசிறி போடலாம்! அந்த முதல் காற்றுக்கு எழுந்த ஆரவாரம் இருக்கிறதே, ஞாயிற்றுக்கிழமைக் கைத்தட்டலெல்லாம் அதற்குப் பிறகுதான். கர்னல் அக்னியூவுக்கும் மன்னிப்பு வழங்கப்பட்டு, இலையில் வெள்ளைப் பணியாரமும் மிளகாய்ச் சட்டினியும் விழுந்தன.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதல் வருஷத்திலேயே நம் வாசலில் நடந்த போர் இது. லண்டனில் அச்சான புத்தகத்தில் இருப்பது நம் வீட்டுப் பிள்ளைகளின் விரலிலும் இருக்கவேண்டும். இந்த விடுமுறையில் காளையார்கோவிலுக்கும் திருப்பத்தூர் நினைவிடத்துக்கும் அவர்களைக் கூட்டிப் போங்கள், புதுக்கோட்டை அருங்காட்சியகத்தில் நிஜ வளரியைக் காட்டுங்கள். திரும்பி வந்து ஒரு பலகை, கொஞ்சம் மரத்தூள், பழைய மாத்திரை அட்டை எடுத்துக் கொடுங்கள். காட்டை அவர்களே நட்டுக்கொள்வார்கள். சீமைக் கருவேலத்தை மட்டும் ஒடித்து வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.